காபெட்டின் எந்த நூலைத் தமிழுக்கு முதலில் கொண்டுவருவது?

“ஒரே ஒரு புத்தகம், இருநூறு பக்கத்துக்குள். எதுவென்று நீங்களே சொல்லுங்கள்” என்று பதிப்பாளர் நண்பர் போன மாதம் கேட்டார். இருநூறு வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலேய இதழாளர் வில்லியம் காபெட்டைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று பல வருடங்களாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவர் சரி என்றதும் எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. காபெட் எழுதியது கொஞ்சநஞ்சமில்லை. 1802 ஜனவரியில் தொடங்கிய ‘பொலிட்டிகல் ரெஜிஸ்டர்’ இதழை 1835-இல் சாகும் வரை நடத்தினார். சிறையில் இருந்தபோதும், கடல் கடந்து தப்பிப் போனபோதும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இலக்கணம், வரலாறு, மாடு வளர்ப்பு, ரொட்டி சுடுவது, கல்யாணம், வரி, நாட்டுக் கடன் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதினார். அதில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் எதை எடுப்பது? ஒரு மாதம் எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். அவரை ஆங்கிலத்திலேயே படிக்க நினைப்பவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்ற இதே குழப்பம் வரும். அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். காபெட் 1763-இல் சர்ரே மாவட்டத்தில் ஃபார்ன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விவசாயி, ஒரு மதுக்கடையும் நடத்தியவர். விதைத்த வயலில் பறவை ஓட்டுவதுதான் பையனுக்குக் கிடைத்த முதல் வேலை. பள்ளிப் படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. 1784-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். வட அமெரிக்காவில் நியூ பிரன்ஸ்விக்கில் பணியாற்றி சார்ஜண்ட் மேஜர் வரை உயர்ந்தார். விலகி வந்ததும், அதிகாரிகள் சிப்பாய்களுக்குச் சேர வேண்டியதைத் தின்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். புகார் தன் தலையிலேயே திரும்பி விழப்போகிறது என்று தெரிந்ததும் நாட்டை விட்டே போக வேண்டிவந்தது. பிலடெல்ஃபியாவில் ‘முள்ளம்பன்றி பீட்டர்’ என்ற புனைபெயரில் அவர் எழுதியதெல்லாம் பிரிட்டிஷ் அரசருக்கு ஆதரவாகத்தான். புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெயினை அப்போது கடுமையாகத் திட்டியிருக்கிறார். அதே பெயினின் எலும்புகளை 1819-இல் அமெரிக்க மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, மரியாதையோடு அடக்கம் செய்யவேண்டும் என்று இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

இடையில் என்ன நடந்தது? 1800-இல் ஊர் திரும்பியவர் ஆட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1806-இல் ஹானிட்டன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, ஓட்டுக்கு ஒரு காசும் தர மாட்டேன் என்று அறிவித்துவிட்டு அங்கே போனார். ஓட்டுக்குக் காசு வாங்குவதை அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய வரும்படியாகவே நினைத்திருந்தார்கள். அந்த ஊரைப் பார்த்ததிலிருந்து நாடாளுமன்றத்தைச் சரிசெய்யாமல் வேறு எதையும் சரிசெய்ய முடியாது என்ற எண்ணம் அவருக்குள் இறுகியது.

அன்றைய நாடாளுமன்றம் எப்படி இருந்தது என்பது தெரியாவிட்டால் அவருடைய கோபம் நமக்குப் புரியாது. 1832-க்கு முன்னால் ஆலைகள் நிறைந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஓர் உறுப்பினர் கூடக் கிடையாது. சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஆள் குடியில்லாத ஒரு புல்மேடு இருக்கிறது, பெயர் ஓல்ட் சாரம். அந்த மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள். இப்படிப்பட்டவற்றை அழுகிய தொகுதிகள் என்று அழைத்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் கை காட்டுபவர்தான் உறுப்பினர். தொகுதியை வீடு, தோட்டம் போல விலைக்கு விற்கலாம், வாங்கலாம்.

இந்த ஓல்ட் சாரத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட்டின் குடும்பத்திடம்தான் அந்த மேடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. சென்னையில் இருந்தபோது பெரிய வைரம் ஒன்றை வாங்கி, பிறகு பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்று, ‘வைர பிட்’ என்று பெயர் வாங்கியவர் அவர். பின்னாளில் பிரதமரான அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-இல் நாடாளுமன்றத்துக்குள் முதலில் நுழைந்தது ஓல்ட் சாரத்தின் உறுப்பினராகத்தான். இன்னொருவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர், தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சல் வருமானம் தனக்குச் சேரவேண்டும் என்று வழக்காடியவர். அவர் அந்தச் செல்வத்தோடு இங்கிலாந்துக்குப் போய் நாடாளுமன்ற இடங்களை வாங்கினார். 1785-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் ஆற்காட்டுக் கடன்களைப் பற்றி ஆற்றிய நீண்ட உரையில் அவரைப் பெயர் சொல்லித் தாக்கினார். அந்த அழுகலில் தஞ்சாவூர் நெல்லும் கலந்திருந்தது. காபெட்டைத் தமிழில் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நூல்களுக்கு வருவோம்.

முதலில் கைக்கு வருவது 1816 நவம்பர் 2-ஆம் தேதி ரெஜிஸ்டரில் வந்த, உழைப்பாளர்களுக்கான முறையீடு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் உள்ள கைத்தொழிலாளர்களுக்கும் கூலியாட்களுக்கும் என்று விலாசமிட்டு எழுதிய கடிதம் அது. வாட்டர்லூ போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலை இல்லை, நெசவாளிகளின் கூலி சரிந்துகொண்டே போனது. போருக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட உப்பு, சோப்பு, மெழுகுவத்தி, பீர் எல்லாவற்றின் மேலும் வரி. நாட்டின் வலிமையும் செல்வமும் உழைப்பிலிருந்துதான் வருகின்றன என்று கடிதம் தொடங்குகிறது. பிறகு அந்த வரிப்பணம் யார் யாருக்கு ஓய்வூதியமாகவும், வேலையே இல்லாத பதவிகளுக்குச் சம்பளமாகவும் போகிறது என்று பெயர் பெயராகச் சொல்கிறது. வறுமைக்குக் காரணம் நீங்கள் அதிகம் பிள்ளை பெறுவதுதான் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்கிறது. கடைசியில் கலவரம் வேண்டாம், இயந்திரத்தை உடைக்க வேண்டாம், நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு மனுப் போடுங்கள் என்கிறது.

அந்தக் கடிதம் மக்களிடம் போய்ச் சேர்ந்த விதமும் முக்கியம். ரெஜிஸ்டரின் விலை ஒரு ஷில்லிங்குக்கும் மேல். அதில் கணிசமான பகுதி, செய்தித்தாள்கள் மேல் அரசு போட்ட முத்திரை வரி. கூலிக்காரர்கள் பத்துப் பேர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கி, மதுக்கடையில் யாராவது சத்தமாகப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி எதுவும் இல்லாமல், மடிக்காத ஒரே தாளாக அச்சிட்டால் முத்திரை வரி கிடையாது என்று காபெட் கண்டுகொண்டார். விலை இரண்டு பென்ஸாக இறங்கியது. எதிரிகள் அதை ‘இரண்டு பென்ஸ் குப்பை’ என்றார்கள். அது வாரத்துக்கு நாற்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக மதிப்பிடுகிறார்கள். லங்காஷயர் நெசவாளி சாமுவேல் பாம்ஃபோர்டு பின்னாளில் தன் நினைவுகளை எழுதியபோது, தன் பக்கத்து நெசவு ஊர்களில் ஏறக்குறைய ஒவ்வொரு குடிசை அடுப்படியிலும் காபெட்டின் எழுத்து வாசிக்கப்பட்டது என்றும், துன்பத்தின் காரணம் கெட்ட ஆட்சி, மருந்து சீர்திருத்தம் என்று அவர் காட்டிய பிறகு கலவரங்கள் குறைந்தன என்றும் பதிவுசெய்திருக்கிறார். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

பாம்ஃபோர்டு இன்னொன்றும் சொல்கிறார். 1817 ஜனவரியில் லண்டனில் சீர்திருத்தக்காரர்கள் கூடியபோது, வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டு என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று காபெட் பேசினாராம். வீடில்லாதவர்களை எப்படிப் பட்டியலிடுவது என்பது அவருடைய சந்தேகம். ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்க எல்லா ஆண்களையும் பட்டியலிடுகிறார்களே, அதே பட்டியலை ஓட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று நெசவாளி கேட்டதும், காபெட் தன் நிலையை மாற்றிக்கொண்டார். சபையில் எல்லார் முன்னாலும் ஒரு நெசவாளியின் பேச்சுக்குத் தன் கருத்தை மாற்றிக்கொண்ட இடம் எனக்கு அவர்மேல் தனிப்பிரியத்தை உண்டாக்கியது.

முறையீட்டைத் தமிழாக்குவது எளிது. நேருக்கு நேர் பேசுகிற நடை, மேடைப் பேச்சின் ஓட்டம் அப்படியே தமிழில் வரும். ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். ஆனால் அது தனிப்புத்தகம் ஆகாது, சிறு வெளியீடாகத்தான் வரும். பெயர் பெயராகச் சொல்லும் அந்தப் பிரபுக்கள் யார் என்று அடிக்குறிப்பு போட்டால் குறிப்பே மூலத்தைவிட நீண்டுவிடும். குறிப்பு இல்லாவிட்டால் கோபம் மட்டும் தெரியும், யார்மேல் என்று தெரியாது.

ரெஜிஸ்டரிலிருந்தே ஒரு தொகுப்பு போடலாமே என்று நண்பர் கேட்டார். முப்பத்து மூன்று வருட இதழ்கள் அவை. 1809-இல் ஈலி என்ற ஊரில் சம்பளப் பிடித்தத்தை எதிர்த்த உள்ளூர்ப் படைவீரர்களை ஜெர்மன் கூலிப்படையின் காவலோடு சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக, 1810-இல் காபெட்டுக்கு இரண்டு வருடச் சிறையும் ஆயிரம் பவுண்டு அபராதமும் விதித்தார்கள். அந்தக் கட்டுரையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நியூகேட் சிறையிலிருந்து நாட்டுக் கடனைப் பற்றி எழுதிய கடிதங்களையும் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க நீண்டுகொண்டே போகும். அந்த வேலைக்குத் தனியாக ஒரு பதிப்பாசிரியர் வேண்டும். ஒரு சின்ன தகவல் மட்டும். நாடாளுமன்றப் பேச்சுகளைத் தொடர்ந்து அச்சிடும் வேலையைத் தொடங்கியவரும் காபெட்தான். பிறகு கடன் நெருக்கியதால் அதை அச்சகக்காரர் ஹன்சார்டிடம் விற்றார். இலங்கை நாடாளுமன்றத்தில் இன்றும் ‘ஹன்சாட்’ என்று சொல்கிறார்களே, அதன் மூலம் இதுதான்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் பிடித்த நூல்: ‘ஆங்கில இலக்கணம்’. 1817-இல் அரசாங்கம் விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது, தன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று காபெட் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். லாங் ஐலண்டில் ஒரு பண்ணை வீட்டில் இருந்துகொண்டு, பதினான்கு வயது மகன் ஜேம்ஸுக்குக் கடிதங்களாக இதை எழுதினார். 1818-இல் நியூயார்க்கிலும் அடுத்த வருடம் லண்டனிலும் வந்தது. சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பையன்கள் ஆகியோருக்காக என்று முகப்பிலேயே போட்டார்.

இலக்கணத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. ஏழைகள் அனுப்பிய மனுக்களை, மொழி மரியாதையாக இல்லை என்று காரணம் காட்டி மக்களவை தள்ளியதுண்டு. இலக்கணம் தெரியாதவன் பேசக்கூடாது என்பது ஒரு வேலி. அந்த வேலியைத் தாண்ட ஏணி செய்து கொடுத்தார் காபெட். அதோடு நிற்கவில்லை. தவறான வாக்கியங்களுக்கு உதாரணம் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? அரசரின் உரையிலிருந்து, அமைச்சர் காசில்ரேயின் கடிதங்களிலிருந்து, வெலிங்டன் பிரபுவின் அறிக்கைகளிலிருந்து. ஏர் ஓட்டும் பையன் பாடம் படிக்கும்போதே, நம்மை ஆள்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் ஒழுங்காக எழுத வரவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துவிடுகிறான்.

இரண்டு கடிதங்களைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். உடைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘அது’ என்ற ஒரு சொல்லை அமைச்சர் எதற்காக வைத்தார், அது முன்னால் உள்ள எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று காபெட் ஒரு பக்கம் முழுக்க அலசுகிறார். தமிழில் அந்த இடத்தில் ‘அது’ என்ற சொல்லே வராது. வினைமுற்று பார்த்துக்கொள்ளும். எழுவாயும் பயனிலையும் ஒருமை பன்மையில் மோதுகிற இடங்களும் அப்படித்தான். நம் மொழியில் தவறு வேறு இடத்தில் நடக்கும். தமிழ் உதாரணங்களை வைத்து எழுதலாம், ஆனால் அது காபெட்டின் நூலாக இருக்காது. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் இதைத் தவறவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி, மனதில்லாமல் ஒதுக்கி வைத்தேன்.

‘குடிசைப் பொருளாதாரம்’ 1821-22-இல் பகுதி பகுதியாக வந்தது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது, ரொட்டி சுடுவது, கால் ஏக்கர் நிலத்தில் பசு வளர்ப்பது, பன்றி, தேனீ, கோழி. தேநீர் மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு, உருளைக்கிழங்கு மேலும்தான். வீட்டில் தொங்கும் இரண்டு துண்டம் உப்பிட்ட பன்றிக்கறி ஐம்பதாயிரம் பிரசங்கங்களைவிட ஒரு குடும்பத்தை நல்வழியில் வைத்திருக்கும் என்கிற இடம் அருமை. பீர் காய்ச்சத் தேவையான மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் மேல் போட்ட வரிதான் ஏழையைத் தன் வீட்டுப் பீரிலிருந்து பிரித்தது என்று அதிலும் அரசியல் உண்டு. ஆனால் முதல் நூலாக இது வந்தால் நம் வாசகர் அவரைச் சமையல் குறிப்பு எழுதியவராக நினைத்துவிடுவார்.

நண்பருக்குப் பிடித்தது ‘இளைஞர்களுக்கு அறிவுரை’. 1829-30-இல் வந்தது. அறிவுரைப் புத்தகம் தமிழில் எப்போதும் விற்கும் என்பது அவர் வாதம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை, ஏனென்றால் காபெட் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய மிக நல்ல பக்கங்கள் அதில் இருக்கின்றன. நாளுக்கு ஆறு பென்ஸ் சம்பளத்தில் சிப்பாயாக இருந்தபோது இலக்கணம் படித்த கதை அங்கேதான் வருகிறது. படுக்கையின் ஓரம்தான் நாற்காலி. முதுகுப் பைதான் புத்தக அலமாரி. மடியில் வைத்த பலகைதான் மேசை. மெழுகுவத்திக்குக் காசில்லாததால் இரவில் அடுப்பு வெளிச்சம், அதுவும் தன் முறை வரும்போது மட்டும். சாப்பாட்டில் மிச்சம் பிடித்துத்தான் பேனாவும் தாளும் வாங்க வேண்டும். ஒருமுறை மறுநாள் காலை ஒரு கருவாட்டு மீன் வாங்கலாம் என்று அரைப் பென்னி ஒன்றை எடுத்து வைத்திருந்தாராம். ராத்திரி பசி தாங்காமல் உடை மாற்றும்போது பார்த்தால் காசு தொலைந்துபோயிருந்தது. போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன் என்று அறுபது வயதைத் தாண்டியவர் எழுதுகிறார். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மனைவி ஆனைப் பற்றிய கதையும் அதில் உண்டு. விடியும் முன் பனியில் நின்று துணி துவைக்கும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்தவுடனே இவள்தான் என்று முடிவுசெய்துவிட்டாராம். அவள் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, கஷ்டப்படக் கூடாது என்று தன் சேமிப்பான நூற்றைம்பது கினியையும் கொடுத்து அனுப்பினார். வருடங்கள் கழித்து இவர் வந்து பார்க்கும்போது அவள் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். கொடுத்த நூற்றைம்பதையும் பிரிக்காமல் அப்படியே கையில் தந்தாள்.

இவ்வளவு நல்ல பக்கங்கள் இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? கல்யாணம், குடும்பம் பற்றிய அறிவுரைகள், பெண்களைப் பற்றிய அவருடைய எண்ணங்கள், இருநூறு வருடம் பழையவை. படிப்பவருக்கு நல்ல பக்கங்கள் எங்கோ ஒளிந்துகொள்ளும். அதைவிட முக்கியம், முயன்றால் முன்னேறலாம் என்று சொல்லும் இன்னொரு புத்தகமாக இதைப் படித்துவிட முடியும். அரைப் பென்னிக்காக அழுத சிப்பாயின் கதையில் காபெட் கேட்க வைப்பது வேறொரு கேள்வி. நாட்டுக்காகப் போராடுகிறவனுக்கு ஏன் வயிறு நிறையவில்லை? அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கும் நூல்தான் முதலில் வேண்டும்.

அது ‘ரூரல் ரைட்ஸ்’. கிராமச் சவாரிகள் என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன்.

1820-களில் குதிரையேறித் தென் இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, அன்றன்று பார்த்ததை இரவில் விடுதியில் உட்கார்ந்து எழுதி ரெஜிஸ்டரில் போட்டார். 1830-இல் புத்தகமானது. பெரிய சாலைகளை விட்டுவிட்டு வண்டித்தடங்களிலும் மலைச்சரிவுகளிலும் போனார். கூலிக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த வழியில்தான் போக வேண்டும். மண் எப்படி, டர்னிப் எப்படி விளைந்திருக்கிறது, ஓக் மரம் எவ்வளவு உயரம், குடிசைத் தோட்டத்தில் என்ன இருக்கிறது, வயலில் நிற்கும் பெண்ணின் உடுப்பு கிழிந்திருக்கிறதா என்று அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நல்ல மண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்துபோகிறார். அடுத்த வரியிலேயே அந்த மண்ணில் வேலை செய்பவனின் முகத்தைப் பார்த்துக் கொதிக்கிறார்.

ஃபார்ன்ஹாமுக்குப் பக்கத்தில் சிறு வயதில் அண்ணன் தம்பிகளோடு உருண்டு விளையாடிய மணல்மேட்டைத் தன் மகனுக்குக் காட்டும் இடம் ஒன்று வருகிறது, 1822 செப்டம்பரில். முடியிலும் வாயிலும் மணல் நிறைய மேலிருந்து கீழே உருண்டதுதான் தனக்குக் கிடைத்த கல்வி என்கிறார். பெரிய பள்ளிகளுக்குப் போயிருந்தால் ஒன்றுக்கும் உதவாதவனாகியிருப்பேன் என்று அவர் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன்.

1826 ஆகஸ்ட் கடைசியில் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சாலிஸ்பரி நோக்கி இறங்கும் சவாரிதான் நூலின் உச்சம். முப்பது மைல் போல நீளும் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றில் ஆட்டு மந்தைகள், கீழே பசும்புல், ஊருக்கு ஊர் கோதுமைப் போர்கள் குன்று மாதிரி. இவ்வளவு அழகான, செழிப்பான இடத்தை எங்கும் பார்த்ததில்லை என்கிறார். பிறகு கணக்குப் போட உட்காருகிறார். ஒரு ஊரில் விளையும் கோதுமை, பார்லி, ஆடு எல்லாவற்றையும் கூட்டி, அங்குள்ள குடும்பங்களைப்போலப் பலமடங்கு குடும்பங்களை அது வயிறு நிறைய வைத்திருக்கும் என்று காட்டுகிறார். அங்குள்ள கூலிக்காரர்களோ அரைப் பட்டினி. ஐம்பது பெருவீடுகள் இருந்த பள்ளத்தாக்கில் எட்டுதான் மிச்சம் என்கிறார். ஊருக்கு ஊர் நிற்கும் பழைய தேவாலயங்களின் அளவைப் பார்த்தால், முன்பு எவ்வளவு பேர் வாழ்ந்திருக்க வேண்டும்? விளைந்ததெல்லாம் எங்கே போகிறது? லண்டனுக்கு. அந்த நகரத்தைப் பல இடங்களில் அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, உடம்பில் வளரும் பெரிய கட்டி என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வைத்தார். தமிழில் ‘பெருங்கழலை’ என்று போட நினைத்திருக்கிறேன். கழலை என்ற சொல்லை நம் பாட்டிகள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நூல் நமக்குத் தோதாக இருப்பதற்கு இன்னொரு காரணம் மண். செம்மண், கரிசல், வண்டல், களர், சவடு என்று மண்ணைப் பேர் பேராகச் சொல்லும் மொழி நம்முடையது. இலக்கண நூலில் கைவிட்ட தமிழ் இங்கே கை கொடுக்கிறது. போர், களம், தாள், சிந்திய கதிர் பொறுக்குவது, அந்தி சாய வேலை முடிந்து நடப்பது எல்லாவற்றுக்கும் சொல் தயாராக இருக்கிறது.

சிக்கல்களும் உண்டு. முழு நூலும் மிகப் பெரியது. ஊர்ப்பெயர்கள் நிறைய. கஷ்டமான இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். காபெட் யூதர்களைப் பற்றியும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றியும் எழுதியது வெறுப்பு. கறுப்பின மக்களைப் பற்றி எழுதியது அதைவிட மோசம். அடிமைமுறையை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸைத் திட்டும்போது, உள்ளூர் ஏழையின் பசியைக் காட்டி அடிமையின் துன்பத்தைச் சிறுமைப்படுத்துகிறார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதே காலத்தில் அப்படிப் பேசாத சீர்திருத்தக்காரர்களும் இருந்தார்கள். தேர்ந்தெடுக்கும் சவாரிகளில் அப்படிப்பட்ட வரிகள் வந்தால் வெட்டப்போவதில்லை. இருக்கிறபடி கொடுத்து, முன்னுரையில் என் வருத்தத்தையும் எழுதுவேன். ஓல்ட் சாரத்தைப் பார்த்த கண்ணுக்குத் தோட்டத்து அடிமையைப் பார்க்க வரவில்லை என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஆக என் முடிவு இது. ‘கிராமச் சவாரிகள்’ முழுதாக வேண்டாம். 1826 ஆகஸ்ட், செப்டம்பர் சவாரிகளைத் துண்டு போடாமல் முழுசாக எடுக்கிறேன். முன்னால் ஃபார்ன்ஹாம் மணல்மேடு, பின்னிணைப்பாக 1816 முறையீடு. சவாரியைப் படித்து முடித்த பிறகு முறையீட்டுக்கு அவ்வளவு குறிப்புகள் தேவைப்படாது. யார்மேல் கோபம், ஏன் கோபம் என்று அப்போது தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் படிக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வரிசை: ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால் முறையீடு, ஒரு வாரம் இருந்தால் இலக்கணம், அப்புறம் சவாரிகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நினைத்தபோது பத்துப் பத்துப் பக்கமாக.

காபெட்டின் பிற்கால வாழ்க்கையை முன்னுரையில் ஒரு பத்தியில் சொன்னால் போதும். 1830-இல் தென் இங்கிலாந்துக் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தபோது, அவர்களைத் தூண்டினார் என்று அரசு வழக்குப் போட்டது. 1831 ஜூலையில் அவரே மணிக்கணக்கில் வாதாடினார், ஜூரிகளுக்குள் ஒத்த கருத்து வராததால் விடுதலையானார். 1832 சீர்திருத்தச் சட்டம் ஓல்ட் சாரம் உட்பட ஐம்பத்தாறு அழுகிய தொகுதிகளை ஒழித்தது. அந்த வருடத் தேர்தலில் ஓல்டம் நகரம் அறுபத்தொன்பது வயதில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கூலிக்காரனுக்கு அந்தச் சட்டம் ஓட்டுத் தரவில்லை. 1834-இல் ஏழைகளைக் காப்பகத்துக்குள் தள்ளும் சட்டம் வந்தபோது அவையில் அதை எதிர்த்துப் போராடினார். 1835 ஜூனில் இறந்து, ஃபார்ன்ஹாமிலேயே அடக்கமானார்.

நண்பரிடம் முடிவைச் சொன்ன அன்று இரவே ஓல்ட் சாரம் பகுதியை எடுத்து உட்கார்ந்தேன். காபெட் அதை ‘சபிக்கப்பட்ட குன்று’ என்பார். அதன் பக்கத்தில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவரைப் பார்த்து, பாடு எப்படி என்று கேட்கிறார். ரொம்ப மோசம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்கிறார் அவர். காலமா? இவ்வளவு நல்ல கோடை, இவ்வளவு நல்ல அறுவடை, ஒவ்வொரு களத்திலும் போன வருடத்துக் கோதுமைப் போர் இன்னும் நிற்கிறதே என்று கேட்கிறார் காபெட். என்ன இருந்தாலும் ஏழைக்கு அவர்கள் கஷ்டத்தைத்தான் உண்டாக்குகிறார்கள் என்கிறார் அந்த மனிதர். ‘அவர்கள்’ என்ற அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். எழுத்துத் தமிழில் ‘அவர்கள்’ என்று போட்டால் மரியாதைப் பன்மையாகி, சொல் விறைத்துவிடுகிறது. நாள் முழுக்க வேலை செய்து களைத்தவர் வாயில் அது வராது. அடித்துவிட்டு ‘அவங்க’ என்று எழுதினேன். “அவங்களா? அவங்கன்னா யாரு?” என்று காபெட் கேட்கிறார். பதில் இல்லை. அவங்க இல்லை நண்பரே, வீட்டுக்குப் போனதும் மேசையில் ஆவி பறக்க இருக்க வேண்டிய உங்கள் ராச்சாப்பாட்டைப் பறித்தது அதோ அந்தக் குன்றுதான் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, ஒரு குவளை பீருக்குக் காசு கொடுத்துவிட்டுக் குதிரையை நடத்துகிறார். எலும்பும் தோலுமாக அந்த மனிதர் அவர் சொன்னதை யோசித்தபடி அங்கேயே நிற்கிறார்.